அசையாமல் கிடக்கும் ஐபாட் கிளாசிக்: பாட்டுகளை இழக்காமல் உயிர்ப்பிக்கும் முறை

ஆப்பிளின் பாட்டுக் கேட்கும் கருவியான ஐபாட் கிளாசிக் 2007 செப்டம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. எனவே இன்று யாரிடம் இருந்தாலும் அது பத்தாண்டைக் கடந்த கருவிதான். நெடுநாள் அலமாரியில் கிடந்ததை எடுத்துச் சார்ஜில் போட்டு, திரையில் எந்த அசைவும் இல்லை என்றதும், இனி உதவாது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் அவசர முடிவு. அதைவிடக் கெடுதலானது, கணினி கேட்கும் முதல் கேள்விக்கே சம்மதம் சொல்லி, வேறெங்கும் பிரதி இல்லாத பாட்டுகளை அழித்துவிடுவது. கருவிக்கு மாற்று கிடைக்கும். எங்கோ கேசட்டிலிருந்து பதிவுசெய்து சேர்த்துவைத்த பாட்டுக்குக் கிடைக்காது. ஆகவே பாட்டுகளுக்கு ஆபத்தில்லாத சோதனைகளை முதலிலும், அவற்றை அழிக்கக்கூடியவற்றைக் கடைசியிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

சார்ஜரைச் செருகுமுன் கருவியைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முன் தகடும் பின் ஓடும் சேரும் விளிம்பில் இடைவெளி விட்டிருந்தாலோ, திரை ஓரிடத்தில் மேலெழும்பியிருந்தாலோ, நடுப் பொத்தான் வழக்கம்போல் உள்ளே அமுங்காவிட்டாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அந்நிலையில் சார்ஜ் செய்யவே கூடாது; அழுத்தி மூடவும் கூடாது. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது என்பதால், கீழே வரும் படிகளையெல்லாம் விட்டுவிட்டு அதை மாற்றும் வேலைக்கே போய்விட வேண்டும்.

உப்பல் இல்லையென்றால் மேல் விளிம்பில் உள்ள ஹோல்டு சுவிட்சைப் பாருங்கள். அதில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் பொத்தான்கள் பூட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். நிறம் தெரியாவிட்டாலும் ஒருமுறை பூட்டித் திறந்துவிடுவது நல்லது. பழைய சுவிட்சில் தொடுமுனைகள் அழுக்கேறி, திறந்திருக்கும்போதும் பூட்டியதுபோல் நடந்துகொள்வதுண்டு.

அடுத்து மின்சாரம் வரும் வழி. இக்கருவியின் 30 முனைச் செருகி அகலமானது. சட்டைப்பையிலுள்ள பஞ்சும் தூசியும் அதற்குள் எளிதில் அடைந்துகொள்ளும். டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, உலர்ந்த மென்தூரிகையால் வெளிப்புறமாகத் தட்டி எடுக்க வேண்டும். ஊசி, குண்டூசி போன்ற உலோகத்தை உள்ளே விட்டால் மெல்லிய முனைகள் வளைந்துவிடும். முனைகளில் பச்சைப்பூச்சு தெரிந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சிறிதளவு தூரிகையில் தொட்டுத் துடைத்து, முழுவதும் உலர்ந்தபின் செருகலாம். கேபிளைச் செருகும்போது அதன் குறி போட்ட பக்கம் திரை இருக்கும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். பழைய வகைக் கேபிளில் இருபுறமும் சிறு அழுத்திகள் இருக்கும். அவற்றை அழுத்தாமல் இழுத்தால் கருவியின் செருகியே சேதமாகும்.

பத்தாண்டுப் பழைய கேபிளை நம்பாதீர்கள். வெளியுறை முழுமையாகத் தெரிந்தாலும், கழுத்துப் பகுதியில் உள்கம்பி அறுந்திருக்கலாம். வேறு கேபிள், வேறு 5 வோல்ட் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால்தான் குற்றம் எங்கே என்று தெரியும்; இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பழுது என்று சொல்ல முடியாது. கணினியில் செருகுவதாயின் விசைப்பலகையில் உள்ள யுஎஸ்பி துளையைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் பல 100 மில்லியாம்பியர் மட்டுமே தரும். கணினியின் சொந்த யுஎஸ்பி 2.0 துளை 500 வரை தரும். கணினி உறக்க நிலைக்குப் போனாலும் சார்ஜ் ஏறாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதற்குப்பின் வேண்டியது பொறுமை. லித்தியம் பேட்டரி முழுமையாக ஏறியபோது சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கும். மாதக்கணக்கில் கிடந்து ஏறத்தாழ 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், சார்ஜ் சுற்று அதற்கு முழு மின்னோட்டத்தைக் கொடுக்காது. கொஞ்சம் கொஞ்சமாகவே ஏற்றும். அந்த நேரத்தில் திரையை ஒளிரச் செய்யும் அளவுக்குக்கூடச் சக்தி இருக்காது. அரை மணி நேரம் வரை திரை வெறுமையாக இருப்பது இக்கருவிக்கு இயல்பே. நீண்ட காலம் கிடந்ததாயின் சில மணி நேரம் சுவர்ச் சார்ஜரில் விட்டுப் பார்க்கலாம். ஆனால் ஆள் அருகில் இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும், கருவி கைபொறுக்காத சூடானால் உடனே கழற்றிவிட வேண்டும். திரையில் பேட்டரிப் படத்துக்குள் மின்னல் குறி தோன்றினால் ஏறிக்கொண்டிருக்கிறது. பிளக் குறி தோன்றினால் நிறைந்துவிட்டது.

அப்போதும் அசைவில்லை என்றால், சார்ஜரில் இருக்கும்போதே ஹோல்டு சுவிட்சைப் பூட்டித் திறந்து, மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்து ஆறு முதல் எட்டு விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஆப்பிள் சின்னம் வந்ததும் விட்டுவிடலாம். முதல்முறை வராவிட்டால் மீண்டும் செய்து பார்க்கத் தயங்க வேண்டாம். இதனால் பாட்டுகள் அழியா.

சின்னம் தோன்றி மறைந்து, மறுபடி தோன்றி மறைந்துகொண்டே இருந்தால்தான் பலர் தவறாகக் கணிக்கிறார்கள். உள்ளே 1.8 அங்குல ஹார்டு டிஸ்க் இருக்கிறது. அது சுழலத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டத்தை மொத்தமாக இழுக்கும். தளர்ந்த பேட்டரியின் மின்னழுத்தம் அப்போது சரிந்து, கருவி அணைந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பார்ப்பவருக்கு டிஸ்க் போய்விட்டதுபோல் தோன்றும், உண்மையில் போனது பேட்டரி. கருவியைக் காதருகில் வைத்துக் கேளுங்கள். சார்ஜரில் இருக்கும்போது சீரான மெல்லிய சுழலோசையுடன் இயங்கி, கழற்றியதும் அணைந்தால் பேட்டரியை மாற்றினால் போதும். சார்ஜரில் இருக்கும்போதும் டக், டக் என்று ஒரே தாளத்தில் தட்டும் ஒலி கேட்டால் பழுது டிஸ்கில்தான். அந்த நிலையில் திரும்பத் திரும்ப முயன்றால் அது இன்னும் கெடும்.

எந்த வகையிலாவது சின்னம் வரை வந்துவிட்டால், பழுதுபார்ப்பதற்கு முன் பாட்டுகளை எடுத்துவிடுங்கள். சின்னம் தோன்றிய உடனே நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் கருவி டிஸ்க் மோடுக்குப் போகும். கணினி அதை வெளி ஹார்டு டிஸ்க்போலக் காணும். மறைந்துள்ள கோப்புறைகளைக் காட்டும்படி கணினியில் அமைத்தால், ஐபாட் கன்ட்ரோல் என்ற கோப்புறையும் அதற்குள் மியூசிக் என்பதும் தெரியும். உள்ளே கோப்புகளுக்கு நான்கெழுத்தில் பொருளற்ற பெயர்கள் இருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். பாட்டின் பெயரும் பாடகர் பெயரும் கோப்புக்குள்ளேயே பதிந்திருப்பதால், பாட்டு மென்பொருளில் சேர்த்ததும் பெரும்பாலும் சரியாகத் தெரியும். மேக்கில் அமைத்த ஐபாடை விண்டோசில் செருகினால் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸ் காட்டும் ரீஸ்டோர் பொத்தானும் எல்லாவற்றையும் அழித்துவிடும். பிரதி எடுத்து, நாலைந்து பாட்டுகளையாவது ஓட்டிப் பார்த்த பின்னரே அதைத் தொட வேண்டும்.

பேட்டரி மாற்றுவது கைப்பழக்கம் உள்ளவருக்கே உரிய வேலை. இந்த மாடலில் திருகாணி வெளியே கிடையாது. உலோக ஓட்டை உட்கொக்கிகள் இறுகப் பிடித்திருக்கும், நெம்பும்போது ஓடு வளையும். பேட்டரி பின் ஓட்டில் ஒட்டப்பட்டு, ஒரு மெல்லிய நாடாக் கேபிளால் பலகையோடு இணைந்திருப்பதால், ஓட்டை வேகமாகப் பிரித்தால் அது கிழிந்துவிடும். கூரான உலோகத்தால் பேட்டரியைக் கிளறுவதும் கூடாது. சென்னையில் இருப்பவர்கள் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். எங்கே கொடுத்தாலும், டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

புதிய பேட்டரி போட்டபின், இடையில் எடுக்காமல் நான்கு மணி நேரம் சார்ஜ் செய்யுங்கள். பிறகு பயன்படுத்தாமல் வைக்க நேர்ந்தால், பாதி அளவு சார்ஜுடன் குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து ஏற்றி வையுங்கள். கழற்றிய பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைத்தொட்டியில் போட வேண்டாம்.