மோரிஸ் மைனர் சீட்டுக்குப் புதுத் தோல்

எங்கள் வீட்டு மோரிஸ் மைனர் கார் 1960 மாடல், 948 சிசி, அப்பா வாங்கியது. டிரைவர் சீட்டின் வலது ஓரத்தில்தான் தோல் முதலில் கிழிந்தது. கிழியாமல் என்ன செய்யும்? ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாரும் அந்த ஓரத்தை உரசிக்கொண்டுதான் போயாக வேண்டும்.

முதலில் சீட்டைக் கழற்றி ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். மறுநாள் போனால் வெறும் சட்டம் நிற்கிறது. பழைய தோல் எங்கே என்றால், "நைஞ்சு போச்சுல்ல சார், குப்பையில போட்டாச்சு" என்கிறார்கள். வயிறு எரிந்தது. அளவே அதுதானே! இடது சீட்டைப் பிரித்து, துண்டுகளைத் திருப்பிப் போட்டு வலதுக்கு அளவெடுத்தேன். மிச்ச வேலையையும் நானே பார்த்துக்கொண்டேன்.

அதனால் பிளேடைக் கையில் எடுக்கும் முன் நாலா பக்கமும் போட்டோ எடுங்கள். தையலுக்குக் குறுக்கே மூன்று இஞ்சுக்கு ஒரு கோடு, இரண்டு துண்டிலும் படும்படி வெள்ளைப் பென்சிலால் போடுங்கள். அந்தக் கோடுகளைப் புதுத் துண்டிலும் போட்டு, நேருக்கு நேர் வைத்துத் தைத்தால் தையல் கோணாது. பிறகு ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிப் பிரிக்கலாம். உட்கார்ந்து உட்கார்ந்து தோல் ஒரு பக்கம் இழுத்திருக்கும், அப்படியே வரையாதீர்கள். நடுவில் மடித்து, நன்றாக இருக்கும் பாதியை அட்டையில் வரைந்து, அதையே மறுபக்கத்துக்கும் புரட்டிப் போடுங்கள்.

தோல் வாங்க நான் போனது சென்னைப் பெரியமேடு. "செருப்புக்கா, கைப்பைக்கா?" என்றுதான் கேட்பார்கள்; கார் சீட்டுக்கு என்று சொல்லி 1.2 மில்லிமீட்டர் கனத்தில் மாட்டுத்தோல் கேளுங்கள். ஆட்டுத்தோல் தாங்காது. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் உடம்பு படும் இடத்துக்கு மட்டும்தான் தோல், பக்கங்களும் முதுகும் ரெக்ஸின். அதனால் முன் சீட் இரண்டுக்கும் எனக்கு 44 சதுர அடி போதுமாக இருந்தது. தோலை வெளிச்சத்தில் விரித்து உண்ணிக்கடி, முள்வேலிக் கீறல் எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். முதுகெலும்புப் பக்கம் கெட்டி, உட்காரும் இடத்தை அங்கே வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கம் ரப்பர் மாதிரி இழுக்கும். அதை உட்காரும் இடத்துக்கு வைத்தால் ஆறே மாதத்தில் தொய்ந்துவிடும்.

வரிவரியாக மடிப்பு வைத்த நடுப்பகுதியில்தான் நான் ஏமாந்தேன். அளவாக வெட்டிவிட்டுத் தைத்தேன், ஒவ்வொரு வரியும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, கடைசியில் ஒரு இஞ்ச் காணோம். பெரிய துண்டை ஃபோமோடு சேர்த்து முதலில் வரி தையுங்கள், அதற்கப்புறம் அட்டையை வைத்து வெட்டுங்கள்.

வீட்டுத் தையல் மிஷின் இதற்கு ஆகாது. பை தைக்கிறவரிடம் கொடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். தையல் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி கிழியும். குண்டூசி குத்தவே கூடாது, தோலில் விழுந்த ஓட்டை மூடாது. துணி கிளிப் போதும்.

மாட்டுவதற்கு முன் உறையை அரை மணி நேரம் வெயிலில் போட்டால் இளகும். ஃபோம் மேல் ஒரு மெல்லிய பாலித்தீன் தாளை விரித்தால் உறை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். மாட்டியதும் தாளை உருவிவிடலாம். முன்பக்க நடுவில் தொடங்கி, பின்பக்க நடு, அப்புறம் ஓரங்கள், மூலைகள் கடைசி. சுருக்கம் இருந்தால் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காட்டி, கையால் நீவுங்கள்.

வெட்டி மிஞ்சியதில் நல்ல துண்டு ஒன்றைச் சுருட்டி டிக்கியில் வைத்திருக்கிறேன். வலது ஓரம் மறுபடி கிழியத்தானே போகிறது.