பழைய அரத்திலிருந்து ஒரு செதுக்குக் கத்தி

யாங்கோனில் நம் கைக்கு வருகிற மரம் பெரும்பாலும் தேக்கு. செதுக்க இதமாக இருக்கும், ஆனால் அதிலுள்ள சிலிக்கா என்ற மணல்சத்து கத்தியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதனால் பல் தேய்ந்த அரத்தை எறியாதீர்கள். நல்ல அரத்தில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கூர் நின்று உழைக்கும்.

மலிவான சில அரங்களில் மேல்தோல் மட்டும்தான் கெட்டி. ஒரு மூலையைச் சாணையில் ஆழமாகத் தேய்த்துப் பாருங்கள். பொறி மத்தாப்பூப் போலக் கிளைவிட்டுத் தெறித்தால் எடுத்துக்கொள்ளலாம். வெறும் கோடாக நீண்டு ஓடினால் வேண்டாம்.

அரம் அளவுக்கு மீறிக் கெட்டி; அப்படியே கத்தியாக்கினால் முனை பொடிந்துவிடும். சூடுகாட்டிக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பல் முழுவதையும் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். கரி அடுப்பில் கனத்த தோசைக்கல்லைக் காயவைத்து, கத்தியின் முதுகு கல்லில் படும்படி இடுக்கியால் பிடியுங்கள். முதுகிலிருந்து நிறம் மெதுவாக ஏறி வரும். வெளிர் வைக்கோல் நிறம் வாய்ப்பக்கத்தைத் தொட்டதும், ஏறக்குறைய 220 டிகிரியில், தண்ணீரில் முக்கிவிடுங்கள். இந்த இடத்தில் கண்ணை எடுக்கவே கூடாது. வாய் நீலமாகிவிட்டால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அவசரப்பட்டு இரண்டு நல்ல அரங்களை நான் அப்படி இழந்தேன்.

கூர் பிடிக்கும்போதும் இதே கவனம். விரல் பொறுக்காத சூடு வருமுன் தண்ணீரில் நனையுங்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். சக்கரத்தின் அருகே கையுறை மட்டும் வேண்டாம், இழுத்துக்கொள்ளும்.

பிடிக்குத் தேக்குத் துண்டே போதும்.