சாரல் காலத்தில் நெல்லையிலிருந்து புனலூருக்கு சைக்கிளில் ஒரு நாள்

ஜூன், ஜூலை, ஆகஸ்டில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்தின் புனலூர் வரை சைக்கிளில் போகப்போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் மழையைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். மழையெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். மொத்தம் 110 கிலோமீட்டர் அளவில் வரும் இந்த வழியில் ஆளைப் படுக்கப்போடுவது தென்காசி வரைக்குமான முதல் பாதியில் எதிரே மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பிதுங்கி வெளியே வந்து ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் அடித்துத் தள்ளுகிறது. அந்தப் பக்கமெல்லாம் காற்றாலையாக நட்டு வைத்திருக்கிறார்களே, சும்மாவா?

அதனால் முதல் வேலை, விடிகாலை 5 மணிக்கு பேட்டையைத் தாண்டிவிட வேண்டும். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தக் காற்று விடிகாலையில் கொஞ்சம் அடங்கியிருக்கும், 9 மணிக்கு மேல் எழும்பும், சாயங்காலம் வரை ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒரு வருஷம் நான் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குக் கிளம்பி, தென்காசியைப் பார்க்கும்போது மணி ஒன்றரை. சமதளச் சாலை, வெறும் 50 சொச்சம் கிலோமீட்டர், அதற்கு ஐந்து மணி நேரம். கணக்குப் பார்த்தால் ஆச்சரியமில்லை. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஆளுக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் உடம்பில் மோதும் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. ஆகவே வேகமானியைப் பார்க்காதீர்கள், அது மனசை உடைக்கும். ஏற்றத்தில் போடுகிற கியரைப் போட்டு, முழங்கையை மடக்கி, குனிந்து, மூச்சு வாங்காத அளவுக்கு மிதித்துக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று பேர் போனால் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிப் போய், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் மாறிக்கொள்ளலாம்.

காற்று பெரும்பாலும் எதிரேயும் கொஞ்சம் இடப்பக்கமாகவும் வரும், அதாவது நம்மைச் சாலையின் நடுவுக்குத் தள்ளப் பார்க்கும். சுவரோ மரவரிசையோ முடிகிற இடத்தில் திடீரென்று ஒரு அறை விழும். அதே நேரம் பின்னால் பஸ் வந்தால் அதுவும் நம்மைத் தன் பக்கம் இழுக்கும், ஆகவே ஹாரன் கேட்டதும் கையை இறுக்கிப் பிடித்து இடப்பக்கம் லேசாகச் சாய்ந்துகொள்ளுங்கள். கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பெரிய பைகள் இந்தச் சாலையில் பாய்மரம் மாதிரிதான் வேலை செய்யும். ஒரே பையாக, சீட்டுக்குப் பின்னால் கேரியரின் மேல் கட்டிவிடுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், உங்கள் பை எம்மாத்திரம்.

இந்தப் பகுதியில் தாகம் எடுக்காது. வேர்க்க வேர்க்கக் காற்று காயவைத்துவிடுவதால் வேர்த்ததே தெரியாது, தென்காசி போனதும் தலைவலிக்கும்போதுதான் தெரியும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, பாவூர்சத்திரம் வருவதற்குள் முடித்துவிடுங்கள். அப்புறம் சாப்பாடு. செங்கோட்டைக்கு முன்னால் வரும் பிரானூர் பார்டரில் பரோட்டாவைச் சாப்பிடாமல் விடச் சொல்ல எனக்கே மனசு வராது, ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு மலை ஏற முடியாது. திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். (பார்டர் என்கிற பெயர் திருவிதாங்கூர் காலத்து மிச்சம், செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.)

தென்காசியில் சாரல் பிடித்துக்கொள்ளும். இதற்கு ரெயின்கோட் போடாதீர்கள். தொளதொளப் பிளாஸ்டிக் கோட்டுக்குள் வேர்வையிலேயே நனைவீர்கள், போதாததற்கு அது காற்றில் படபடத்து பின்னால் இழுக்கும். மிதிக்கிறவரை உடம்பு சூடாக இருக்கும், நனையுங்கள். போன், பணம், மாற்று உடுப்பு மூன்றையும் மட்டும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வையுங்கள். நனைந்த கால்சட்டை தொடையை அறுக்கும் என்பதால் கிளம்பும்போதே வாஸ்லின் தாராளமாகத் தடவிக்கொள்வது நல்லது.

புளியரைக்கு மேல் ஏற்றம் சின்னதுதான், எஸ் வளைவில் லோடு லாரிகள்தான் தொந்தரவு. ஏறும் லாரி நின்று நின்று போகும், அதை முந்தப் போகாதீர்கள். ஆரியங்காவு தாண்டியதும் வானம் மாறிவிடும். அந்தப் பக்கம் சாரல் இல்லை, மழை. இறக்கமும் அங்கேதான் என்பதால், ஏற்றத்தில் சூடான உடம்பு ஐந்தே நிமிஷத்தில் விறைத்து, பிரேக் பிடிக்க விரல் மடங்காது. ஆரியங்காவில் பால் விடாத ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு, கடையில் ஒரு பேப்பர் வாங்கி நான்காக மடித்து, பனியனுக்குள் நெஞ்சை ஒட்டி வையுங்கள். ரெயின்கோட்டையும் இப்போது போடலாம். பேப்பர் வைப்பது கேலியாகத் தெரியும், ஆனால் காற்றை அப்படித் தடுக்கும்.

ரிம் பிரேக் வண்டி என்றால் ஈர ரிம்மில் முதல் சில சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. தண்ணீர் வழித்தெடுக்கப்பட்ட பிறகுதான் பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வும். ஆகவே வளைவுக்கு ரொம்ப முன்னாலிருந்தே லேசாக அழுத்திக்கொண்டே வாருங்கள். சாலையில் அடித்த வெள்ளைக்கோடு, நனைந்த இலை, லாரி சிந்திய டீசலின் வானவில் நிறம், இவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம். டயரில் காற்றழுத்தத்தை வழக்கத்தைவிட 5 முதல் 10 பி.எஸ்.ஐ. குறைத்துக்கொண்டால் பிடிமானம் கூடும். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் ரயில் பாலம் வரும், அதை நின்று பாருங்கள், ஓட்டிக்கொண்டே பார்க்காதீர்கள்.

மழையில் பஞ்சரும் அதிகம், கண்ணாடிச் சில்லும் கம்பித் துணுக்கும் ஈர ரப்பரில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஈர ட்யூபில் ஒட்டு பிடிக்காது. தென்மலைக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்ட ஓரத்தில் நான் மூன்று ஒட்டு ஒட்டி மூன்றும் உரிந்து வந்து, கடைசியில் இடமண் வரை உருட்டிக்கொண்டு நடந்தேன். மாற்று ட்யூப் இரண்டு வைத்திருங்கள். புதிதை மாட்டுவதற்கு முன் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். லாரி டயரிலிருந்து உதிர்ந்த மயிரிழைக் கம்பி கண்ணுக்குத் தெரியாது, விரலைத்தான் குத்தும்.

புனலூரில் அறை எடுத்ததும் குளிப்பதற்கு முன் செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள், அப்படியே போட்டுவைத்தால் காலையில் துரு பூத்திருக்கும். நெஞ்சில் வைத்த பேப்பர் கூழாகியிருக்கும். வேறு பேப்பர் வாங்கிக் கசக்கி ஷூவுக்குள் திணித்து, இரவு ஒருமுறை மாற்றினால் காலையில் போடுகிற அளவுக்குக் காயும். மறுநாள் திரும்புவதாக இருந்தால் அலாரம் வேண்டாம், எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். பார்டரில் பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்கு மேல் தென்காசியைத் தாண்டினால் அதே காற்று முதுகில் கைவைத்து ஆலங்குளம் வரை தள்ளிக்கொண்டு வந்துவிடும்.