கார் வரி: ‘வாங்கும்போதே கட்டிவிட்டோமே’ என்பவர்களுக்கு

நியூ ஜெர்சியிலிருந்து வர்ஜீனியாவுக்குக் குடிவந்த முதல் வருஷம், செப்டம்பரில் ஒரு வெள்ளைக் கவர் வந்தது. பீட்சா கூப்பன்களோடு சேர்த்து நான் குப்பையில் போட இருந்ததை மனைவி பிடுங்கிப் பிரித்தாள். உள்ளே எங்கள் பழைய காரின் பெயர், அதற்கு ஒரு மதிப்பு, கட்ட வேண்டிய முந்நூற்றுச் சொச்சம் டாலர், கடைசி நாள் அக்டோபர் 5. தலைப்பில் ‘சொத்து வரி’ என்று இருந்தது. வாடகை வீட்டில் இருக்கிறவனுக்கு என்ன சொத்து வரி? தப்பான விலாசத்துக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அமெரிக்காவில் எல்லா மாநிலத்திலும் இது கிடையாது. நியூ ஜெர்சியில் இல்லை. வர்ஜீனியா, கனெக்டிகட், மிசௌரி, வட கரோலைனா போன்ற மாநிலங்களில் உண்டு. வீட்டுக்கும் நிலத்துக்கும் போடுவது போல, நகர்த்தக்கூடிய சொத்துக்கும் உள்ளூர் நிர்வாகம் ஆண்டுதோறும் வரி போடுகிறது. அதில் பெரும்பங்கு கார்தான். படகு, டிரெய்லர், கேம்பர் வண்டியும் சேரும். மிசௌரியில் பண்ணை மாடுகளுக்குக்கூட வரி உண்டு. வீட்டு சோபாவையும் டிவியையும் யாரும் கணக்கெடுக்க வரமாட்டார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டிலிருந்தே ஒரு எல்எல்சி (சொந்தமாகப் பதிவு செய்த சிறு நிறுவனம்) நடத்துகிறீர்கள் என்றால் அந்தத் தொழிலுக்கு வைத்திருக்கும் கணினி, மேஜை போன்றவை வேறு கணக்கு. வர்ஜீனியாவில் அதற்குக் கவுண்டியிடம் (நம் ஊர் மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) தனியாக ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். பக்கத் தொழிலாக கன்சல்டிங் செய்யும் நம்மவர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

நம் ஆட்கள் செய்யும் முதல் தவறுக்கு ஊர்ப் பழக்கம் ஒரு காரணம். தமிழ்நாட்டில் கார் வாங்கும்போதே ஆயுட்கால வரியை மொத்தமாகக் கட்டிவிடுகிறோம். அப்புறம் வருஷா வருஷம் யாரும் வந்து கேட்பதில்லை. அதே நினைப்பில் இங்கே டீலரிடம் கட்டிய விற்பனை வரியோடு கதை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். வர்ஜீனியாவில் வண்டி வாங்கும்போது கட்டும் விற்பனை வரி 4.15 சதவீதம். லவுடன் கவுண்டியில் 2024-இல் கார் வரி விகிதம் 100 டாலருக்கு 4.15 டாலர். இரண்டும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் லவுடனில் இருக்கும் ஆஷ்பர்ன் பக்கம் எத்தனை பேர் ‘அதான் 4.15 கட்டியாச்சே’ என்று பில்லை ஓரமாக வைத்திருப்பார்களோ! முதலாவது மாநிலத்துக்கு, ஒரே ஒரு தடவை. இரண்டாவது கவுண்டிக்கு, வண்டி உங்களிடம் இருக்கும்வரை.

இரண்டாவது தவறு, வேறு மாநில நண்பரின் பேச்சை நம்புவது. இதைத்தான் நான் ஆகப் பெரிய தவறு என்பேன். வாட்ஸாப் குழுவில் கேட்டால் ஐந்து பேர் பதில் சொல்வார்கள். ஐந்தும் சரியாகவே இருக்கும், அவரவர் ஊருக்கு.

மிசௌரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1 அன்று வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் முழு வருஷத்துக்கும் கட்ட வேண்டும். ஜனவரி 5-இல் விற்றாலும் முழு வரிதான், மாதக் கணக்குப் போட்டுக் கழிப்பது கிடையாது. டிசம்பர் கடைசி வாரத் தள்ளுபடியில் மயங்கி 30-ஆம் தேதி கார் எடுத்தால், இரண்டே நாளில் அடுத்த வருஷத்து வரி உங்கள் தலையில். ஜனவரி 2-இல் எடுத்திருந்தால் அந்த வருஷம் அந்த காருக்கு வரியே இல்லை. தள்ளுபடியையும் வரியையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. அங்கே மார்ச் 1-க்குள் நீங்களே சொத்து விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும், டிசம்பர் 31-க்குள் பணம் கட்ட வேண்டும். கட்டிய ரசீது இல்லாமல் நம்பர் பிளேட்டைப் புதுப்பிக்க முடியாது. புதிதாகக் குடிவந்தவருக்கு ரசீது எங்கிருந்து வரும்? ‘இவருக்கு இங்கே போன வருஷம் வரி இல்லை’ என்று, சொத்துக்கு மதிப்புப் போடும் அசெசர் அலுவலகத்தில் ஒரு சான்று வாங்க வேண்டும். இது தெரியாமல் லைசென்ஸ் அலுவலக வரிசையில் நின்று திரும்பியவர்களை செயின்ட் லூயிஸில் எனக்கே தெரியும்.

கனெக்டிகட்டில் கணக்கு நாள் அக்டோபர் 1. காரின் மதிப்பு முழுவதற்கும் இல்லை, அதில் 70 சதவீதத்துக்குத்தான் வரி. அங்கே நடக்கும் தவறு வேறு மாதிரி: காரை விற்றுவிட்டு நம்பர் பிளேட்டைக் கராஜில் மாட்டி வைப்பது. பதிவை டிஎம்வியில் (மாநில வாகனப் பதிவு அலுவலகம்) ரத்து செய்து, அந்த ரசீதை ஊர் அசெசரிடம் காட்டும்வரை, ஊர்க் கணக்கில் கார் இன்னும் உங்களுடையதுதான். கட்டாமல் விட்டால் மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி ஏறும்.

வட கரோலைனாவில் 2013 முதல் பதிவுக் கட்டணமும் வரியும் ஒரே நோட்டீஸில் வருகின்றன. அங்கே கேரி நகரில் இருப்பவர்களுக்கு அந்த வகையில் நிம்மதி. ஆனால் அங்கேயும் காரை விற்றால், பிளேட்டை ஒப்படைத்த ரசீதோடு ஒரு வருஷத்துக்குள் கவுண்டியிடம் கேட்டால்தான் மீதி மாதங்களுக்கான பணம் திரும்பி வரும். தானாக வராது.

சரி, வர்ஜீனியாவுக்கு வருவோம். இங்கேயும் மதிப்புக் கணக்கு ஜனவரி 1 நிலவரப்படிதான். ஆனால் லவுடன், ஃபேர்ஃபாக்ஸ் இரண்டிலும் வண்டி இருந்த மாதங்களுக்கு மட்டும் கட்டினால் போதும். லவுடனில் மே 5, அக்டோபர் 5 என்று இரண்டு தவணை. பக்கத்துக் கவுண்டியான ஃபேர்ஃபாக்ஸில் அக்டோபர் 5 மட்டும். வேலி தாண்டினால் தேதி மாறுகிறது. குடிவந்ததையும் வண்டி வாங்கியதையும் அறுபது நாளுக்குள் கவுண்டிக்குத் தெரிவிக்க வேண்டும். டீலர் பார்த்துக்கொள்வார், டிஎம்வி சொல்லிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். தகவல் போய்ச் சேருவது உண்டுதான், ஆனால் சேராவிட்டால் பொறுப்பு உங்களுடையது.

என் நண்பர் ஒருவர் அபார்ட்மென்ட் மாறினார், விலாசத்தை மாற்றவில்லை. பில் பழைய வீட்டுக்குப் போனது. மறு வருஷம் பதிவைப் புதுப்பிக்க டிஎம்வி கவுன்டரில் நின்றபோது, கம்ப்யூட்டரைப் பார்த்த பெண் ஊழியர் ‘உங்கள் கவுண்டி தடை போட்டிருக்கிறது, முதலில் அங்கே போங்கள்’ என்று சொல்லிவிட்டார். வரி, தாமத அபராதம் 10 சதவீதம், வட்டி, தடை எடுக்கத் தனிக் கட்டணம். ‘பில் வரவில்லை’ என்பது எந்தக் கவுண்டியிலும் செல்லாத சாக்கு.

பில் வந்தாலும் அதைப் படிக்காமல் கட்டுவது இன்னொரு தவறு. கார் வரியை ஒழிப்பேன் என்று 1997 தேர்தலில் பிரசாரம் செய்து ஜிம் கில்மோர் வர்ஜீனியா ஆளுநரானார். 1998-இல் நிவாரணச் சட்டம் வந்தது, வரி ஒழியவில்லை. சொந்த உபயோகக் காரின் மதிப்பில் முதல் 20,000 டாலருக்கு விழும் வரியில் ஒரு பங்கை மாநிலம் ஏற்கிறது. 2006 முதல் மாநிலம் தரும் மொத்தத் தொகை 95 கோடி டாலர் என்று நின்றுவிட்டதால், அந்தப் பங்கு கவுண்டிக்குக் கவுண்டி, வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. உதாரணத்துக்கு, கார் மதிப்பு 25,000, விகிதம் 4.15, நிவாரணம் 30 சதவீதம் என்று வைப்போம். மொத்த வரி 1,037.50. முதல் 20,000-க்கு உரிய வரி 830, அதில் 30 சதவீதம் 249. கட்ட வேண்டியது 788.50. பதிவு செய்யும்போது வண்டியைத் தொழில் உபயோகம் என்று தவறுதலாகக் குறித்திருந்தால் அந்த 249 போய்விடும். பாதிக்கு மேல் தொழிலுக்கு ஓடும் வண்டிக்குத்தான் நிவாரணம் இல்லை.

மதிப்பு அதிகம் என்று தோன்றினால் கேள்வி கேளுங்கள். கவுண்டி உங்கள் காரை நேரில் பார்ப்பதில்லை, ஜே.டி. பவர் போன்ற விலைக் கையேட்டைப் பார்க்கிறது. ஓடிய மைல் அதிகம் என்றாலோ, விபத்தில் அடிபட்டிருந்தாலோ, ஆதாரத்தோடு விண்ணப்பித்தால் குறைக்கும் கவுண்டிகள் பல. 2022-இல் பழைய கார் விலை எகிறியபோது ஃபேர்ஃபாக்ஸ் தானாகவே மதிப்பில் 85 சதவீதத்துக்கு மட்டும் வரி போட்டது. அப்படி எல்லா வருஷமும் நடக்காது.

லீஸ் காருக்கு பில் வராது, அதனால் வரி இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. பில் லீஸ் கம்பெனிக்குப் போகும், அவர்கள் அதை உங்கள் கணக்கில் ஏற்றுவார்கள். ஒப்பந்தத்தில் இதைப் பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள்.

கடைசியாக, ஃபெடரல் வருமான வரியில் இதைக் கழிக்கலாமா என்பது. வண்டியின் மதிப்பை வைத்து ஆண்டுதோறும் போடும் வரியை மட்டும் ஷெட்யூல் ஏ-வில் (கழிவுகளைத் தனித்தனியாக எழுதும் படிவம்) காட்டலாம். லவுடன் பில்லிலேயே 25 டாலர் லைசென்ஸ் கட்டணம் தனியாகக் குறித்திருக்கும். அது மதிப்பைப் பொறுத்ததல்ல, எனவே சேராது. மாநில வரி, வீட்டு வரி எல்லாம் சேர்த்துக் கழிக்க 2018 முதல் 10,000 டாலர் உச்சவரம்பு இருந்தது, 2025-க்கு அதை 40,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். கழிவுகளைத் தனித்தனியாக எழுதாமல் அரசு நிர்ணயித்த மொத்தக் கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை.