பழைய கிட்டார் பெடலைத் திறக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுபதுகளில் வந்த ஒரு பெடல் (கிட்டார் சத்தத்தை மாற்ற, காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி) திடீரென்று ஊமையாகிவிட்டது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "கடைசியா எந்த அடாப்டர்ல போட்டீங்க?" என்றுதான். பல நேரம் அந்தப் பதிலிலேயே கோளாறு தெரிந்துவிடும். நான் பார்த்தவரை, பழைய பெடல்களில் தானாகக் கெட்டவை குறைவு. சரிசெய்கிறேன் என்று இறங்கியவர் கையில் கெட்டவைதான் அதிகம்.

மின்சாரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். இன்றைய பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். பழையவற்றில் அப்படி ஒரு பொது வழக்கமே கிடையாது. 1962-ல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்ற பெடல் இரண்டு 1.5 வோல்ட் பேட்டரிகளில், அதாவது வெறும் 3 வோல்ட்டில் ஓடியது. 1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வகையில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட், அதாவது சுற்று முழுக்கப் பொதுவான முனை; இன்றைய பெடல்களில் அது நெகட்டிவ். அதற்கு அசலில் அடாப்டர் துளையே இல்லை. துளை இருந்தால் பின்னால் யாரோ போட்டது. அதை மற்ற பெடல்களோடு சேர்த்து ஒரே அடாப்டரில் கோத்தால், பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிளின் கிரவுண்ட் வழியாக அடாப்டரின் இரண்டு முனைகளும் ஷார்ட் ஆகிவிடும். பேட்டரியில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் மற்றவற்றோடு சேராத தனி இணைப்பு கொடுங்கள்.

பாஸ் (Boss) நிறுவனத்தின் பழைய பெடல்களில் இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று உண்டு. அடாப்டர் துளைக்குப் பக்கத்தில் 'ஏசிஏ' (ACA) என்று அடாப்டர் வகையைப் போட்டிருக்கும். அவை 9 வோல்ட்டுக்கு மேலேயே தருகிற பழைய வகை அடாப்டருக்காகச் செய்யப்பட்டவை. இப்போதைய ரெகுலேட்டட் (வோல்ட்டேஜ் ஏறி இறங்காத) 9 வோல்ட் அடாப்டரில் போட்டால் விளக்கு மங்கும், சத்தம் சோர்ந்துபோகும். உடனே பெடல் போச்சு என்று திறந்து ஐசியை (சிப்பை) கழற்றுகிறவர்கள் உண்டு. ஒரு புது பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். நன்றாகப் பாடினால் பெடலில் ஒரு குறையும் இல்லை.

"கூடுதல் வோல்ட் கொடுத்தால் சத்தம் திறந்து வரும்" என்று 18 வோல்ட் கொடுப்பதும் ஒரு பழக்கமாகிவிட்டது. சில பெடல்கள் தாங்கும். கிளோன் சென்டார் என்ற பெடல் தாங்காது. அதற்குள் வோல்ட்டேஜைப் பெருக்கும் சின்ன ஐசி ஒன்று இருக்கிறது, அதன் எல்லையே கிட்டத்தட்ட 10 வோல்ட்தான்.

முனை மாற்றிச் செருகி ஒரேயடியாக அணைந்துவிட்டதா? பதறாதீர்கள். நிறைய பெடல்களில் பவர் வரும் இடத்தில் குறுக்காக ஒரு டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போட்டிருப்பார்கள். அது தன்னைப் பலிகொடுத்து ஷார்ட் ஆகியிருக்கும். மல்டிமீட்டரை டயோடு சோதனைக்கு மாற்றி இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். இரு பக்கமும் பீப் அடித்தால், ஒரு காலைக் கழற்றி இன்னொருமுறை பாருங்கள். அப்போதும் அடித்தால் ஆள் அதுதான். புதிது ஒன்று போட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. அதைக் கழற்றி வீசிவிட்டு அப்படியே மூடாதீர்கள்.

அடுத்தது, திறந்த கையோடு எல்லா கெப்பாசிட்டரையும் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்) மாற்றும் ஆசை. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. எலக்ட்ரோலிட்டிக் வகை காலப்போக்கில் உலர்ந்துபோகும், உண்மைதான். சிக்னல் பாதையில் இருப்பது உலர்ந்தால் தாழ்ந்த சுரங்களின் கனம் மெலிந்துபோகும். பவர் பக்கம் இருப்பது உலர்ந்தால் அடாப்டரில் 'ம்ம்' என்று இரைச்சல் வரும். அப்படி அறிகுறி இருந்தால், சோதித்து, அதை மட்டும் மாற்றுங்கள். ஃபிலிம் கெப்பாசிட்டர்கள் பொதுவாகப் பல பத்தாண்டுகள் அப்படியே இருக்கும், அவற்றில் கை வைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து போர்டில் செம்புத் தடம் ஒரு பக்கம்தான் இருக்கும், ஒட்டும் பலவீனம். பத்து இடத்தில் சூடு காட்டினால் இரண்டு இடத்திலாவது தடம் உரிந்து வர வாய்ப்பிருக்கிறது. அப்புறம் ஒயர் போட்டு ஒட்டுப்போட வேண்டியதுதான்.

உண்மையில் பழைய பெடல்களின் கோளாறு பெரும்பாலும் இயந்திரக் கோளாறு: தளர்ந்த ஜாக், அறுந்த பேட்டரி ஒயர், தேய்ந்த மிதிசுவிட்ச். முக்கியமாக இன்புட் ஜாக்கைப் பாருங்கள். பல பெடல்களில் அது ஸ்டீரியோ ஜாக். கிட்டார் கேபிளைச் செருகும்போதுதான் பேட்டரியின் ஒரு முனை கிரவுண்டோடு சேரும். அதாவது ஆன் சுவிட்சே அதுதான். அதன் வளையத் தகடு லேசாக விலகியிருந்தால் பெடல் செத்ததுபோல் இருக்கும். விரலால் மெல்ல உள்ளே வளைத்தால் உயிர் வந்துவிடும். கேபிளைச் செருகியபடியே ராத்திரி விட்டால் பேட்டரி தீர்ந்துபோவதும் இதனால்தான்.

குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் கைக்கு எட்டிய எண்ணெய் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். WD-40 மாதிரியானவை படலமாகத் தங்கி தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனரைத் துளி உள்ளே விட்டு, குமிழை இருபது முப்பது முறை முழுசாகத் திருப்பினால் போதும். ஃபஸ் ஃபேஸின் ஃபஸ் குமிழ் மட்டும் விதிவிலக்கு. அதன் வழியாக நேர்மின்னோட்டம் போவதால் கொஞ்சம் கரகரப்பது அதன் இயல்பு. அதற்காக அசல் குமிழைக் கழற்றிப் போடுவது பாவம். அந்தக் காலத்து அமெரிக்கக் குமிழ்கள் பலவற்றின் முதுகில் எண்கள் அச்சாகியிருக்கும்: 1377633 என்றால் 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 76 வருஷம், 33 வாரம். பெடலின் வயதைச் சொல்லும் சான்று அது. குமிழ் போனால் சான்றும் போயிற்று.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது. வெப்பம் சுமார் 10 டிகிரி ஏற ஏற அதன் கசிவு மின்னோட்டம் இரட்டிக்கும். ஆகவே புழுக்கமான அறையில் சத்தம் திக்கித் திணறினால் பெடல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாமல் குளிர்ந்த இடத்தில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சாலிடர் செய்தே ஆக வேண்டுமென்றால், காலில் ஒரு உலோகக் கிளிப்பைக் கவ்வவைத்து, மூன்று நான்கு வினாடிக்குள் அயர்னை எடுத்துவிடுங்கள். சாலிடர் பிடிக்க உதவும் ஃபிளக்ஸில், குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் வகையின் பக்கமே போகாதீர்கள், ரோசின் போதும்.

போர்டில் இருக்கும் குட்டித் திருகு, அதாவது டிரிம்மர். இதைச் 'சும்மா' திருப்பிப் பார்ப்பவர்களை என்ன சொல்வது! சத்தத்தைச் சுழல்வதுபோல் ஆக்கும் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 (Phase 90) பெடலுக்குள் ஒன்றோடொன்று பொருந்தும்படி தேர்ந்தெடுத்த ஃபெட்கள் (ஒருவகை டிரான்சிஸ்டர்கள்) இருக்கின்றன; அவை அசைகிற எல்லையை அந்த டிரிம்மர்தான் பிடித்து வைத்திருக்கிறது. அரை சுற்று தள்ளினால் சுழற்சி மறைந்து, வெறும் கிட்டார் சத்தம்தான் வரும். தொடும் முன் மெல்லிய மார்க்கரால் ஒரு கோடு போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரூ பைபாஸ் (பெடல் அணைந்திருக்கும்போது கிட்டார் சிக்னல் சுற்றைத் தொடாமல் நேராகப் போவது) வேண்டும் என்று பழைய உடம்பில் புது சுவிட்ச், எல்இடிக்குத் துளை என்றெல்லாம் செய்தால் வாங்குபவர் முகம் சுருங்கும். அது வேண்டுமென்றால் பெடலை முழுசாகத் தாண்டிப் போகவைக்கும் ட்ரூ பைபாஸ் லூப்பர் பெட்டி ஒன்றை வெளியே வைத்துக்கொள்ளலாம். அடியில் வெல்க்ரோ ஒட்டுவதும் அப்படித்தான். பிய்க்கும்போது சீரியல் எண் லேபிளும் சேர்ந்து வரும். பெயின்ட் மேல் தின்னர் படவே கூடாது, எழுத்து அழிந்துவிடும். ஈரத்துணியே போதும்.

எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றுங்கள். அல்கலைன் பேட்டரி கசிந்து தகடு அரித்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யலாம். அடித்தகட்டில் ஒட்டிய ஃபோம் பிசுபிசுவென்று கரைந்திருந்தால் அதையும் அதே ஆல்கஹாலால் எடுத்துவிடுங்கள். அது போர்டில் ஒட்டினால் ஈரத்தைப் பிடித்து வைத்து செம்பை அரிக்கும். கழற்றிய அசல் பாகங்களைக் கவரில் போட்டு, எது எங்கிருந்தது என்று எழுதி, பெடலோடேயே வையுங்கள். வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடும் பழைய எக்கோ கருவியாக இருந்தால் மட்டும், தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்கள் ஷாக் அடிக்கும்.