வெளிநாட்டு வரிச் செய்தியைப் படிப்பது எப்படி?

ஐரோப்பா வரி போட்டுவிட்டது என்று செய்தி வந்தால் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்பது எத்தனை பர்சன்ட் என்றுதான். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இந்த வரியால் பிழைப்பவர்கள் ஒரு பக்கம், கூடுதல் காசு கொடுப்பவர்கள் மறுபக்கம் என்று எழுதுங்கள்.

நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் சீனத் தோல் ஷூக்களுக்கு 16.5 சதவீதம், வியட்நாமுக்கு 10 சதவீதம் என்று கூடுதல் வரி போட்டது. கேட்டு வாங்கியது இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல். அங்கே ஷூ தைக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஸ்வீடன் போன்ற நாடுகளில் தைப்பவர்கள் குறைவு, இறக்குமதி செய்து விற்பவர்கள்தான் அதிகம், அதனால் எதிர்த்தார்கள். ஒதுங்கி நின்ற நாடுகளின் ஓட்டும் ஆதரவாகக் கணக்கானதால்தான் அது தேறியது. இன்னொன்றையும் கவனியுங்கள்: விசேஷத் தொழில்நுட்ப விளையாட்டு ஷூக்களுக்கு விலக்கு உண்டு. பெரிய பிராண்டுகள் எந்தப் பக்கம் இருந்தன என்பதை அந்த ஒரு விலக்கே சொல்லிவிடும், அதனால் விதிவிலக்குப் பட்டியலை விடாமல் படியுங்கள். 2011 மார்ச்சில் அந்த வரி முடிந்தது.

சேராதவர்கள் சேர்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 1879-ல் ஜெர்மனியில் ரொட்டிக்கான ரை தானியம் விளைவித்த நிலப்பிரபுக்களும் இரும்பு ஆலை முதலாளிகளும் கைகோத்து, உன் தானியத்துக்கு நான், என் இரும்புக்கு நீ என்று இரண்டுக்கும் வரி வாங்கினார்கள். ரொட்டி வாங்கும் தொழிலாளியை யாரும் கேட்கவில்லை.

அடிபட்ட நாடு திருப்பி வரி போட எந்தெந்தப் பொருளைக் குறிவைக்கிறது என்ற பதிலடிப் பட்டியலைத் தேர்தல் வரைபடத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். 2002-ல் அமெரிக்கா உருக்குக்கு 30 சதவீதம் வரை வரி போட்டபோது, ஐரோப்பா தன் பட்டியலில் ஃபுளோரிடா ஆரஞ்சைச் சேர்த்தது. இழுபறியான தேர்தல் மாநிலம் அது. உலக வர்த்தக அமைப்பிலும் அமெரிக்கா தோற்றது, 2003 டிசம்பரில் வரி போய்விட்டது.

சரி, இப்போது உங்கள் தாளில் நம்மூரை எழுதிப் பாருங்கள். 2025 இந்திய பட்ஜெட்டில் கிரஸ்ட் தோலுக்கு, அதாவது பதனிட்டு உலர்த்தி ஃபினிஷிங் மட்டும் பாக்கியுள்ள தோலுக்கு, இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியை எடுத்தார்கள், குரோமில் பதனிட்ட ஈரத்தோலான வெட் புளூ மீதான இறக்குமதி வரியையும் நீக்கினார்கள். கிரஸ்ட்டை வெளிநாட்டுக்கு அனுப்பும் டேனரி (தோல் பதனிடும் ஆலை) எந்தப் பக்கம், அதே கிரஸ்ட்டை இங்கே வாங்கி ஃபினிஷிங் செய்பவர் எந்தப் பக்கம், அந்தத் தோலில் ஷூ தைக்கும் உங்கள் கம்பெனி எந்தப் பக்கம்?