ஃபில்டரில் மிஞ்சும் காபிச் சக்கையில் பாடி ஸ்க்ரப்

இதில் மெனக்கெட வேண்டியது ஒன்றுக்குத்தான்: சக்கையை ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்த வேண்டும். கலப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாம் டிகாக்ஷனும் இறங்கிய பிறகு ஃபில்டரில் தங்குவதை எடுங்கள். சிக்கரி இல்லாத தூளாக இருந்தால் நல்லது. சிக்கரி ஊறிக் கொழகொழத்து, காயும்போது துகள்களைக் கட்டியாக்கிவிடும். பெங்களூரில் மல்லேஸ்வரம், அல்சூர் பக்கம் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைகளில் ‘சிக்கரி வேண்டாம்’ என்று கேட்டே வாங்கலாம். இரண்டு நாள் ஃபில்டரிலேயே கிடந்து பூசணம் பிடித்த சக்கையை வறுத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அது ஈரக்குப்பை போடும் பச்சை வாளிக்குத்தான் லாயக்கு.

அன்றன்றைய சக்கையை அன்றே தட்டில் மெல்லிய பரப்பாகப் பரப்பி வெயிலில் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர் வெயிலை நம்ப முடியாது. அப்போது அடிகனமான வாணலியில் மிகச் சிறு தீயில் 10 முதல் 15 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். புகை வந்தால் தீ அதிகம் என்று அர்த்தம். கருகிய வாசனை எண்ணெயிலும் ஏறிவிடும், போகவே போகாது.

தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அதனால் நன்றாக ஆறவிட்டு, கண்ணாடி பாட்டிலில் மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். உள்பக்கம் ஆவி படிந்தால் மறுபடி வறுக்க வேண்டும். 20 கிராம் தூளிலிருந்து சுமார் 15 கிராம் உலர்ந்த சக்கை கிடைக்கும். நாலு நாள் சேர்த்தால் ஒரு பாட்டிலுக்கு ஆகும்.

மாவுச் சல்லடையில் சலியுங்கள். கீழே விழும் நைசு உடம்புக்கு, மேலே நிற்கும் குருணை குதிகாலுக்கு. முகத்துக்கு இரண்டுமே வேண்டாம், கீறிவிடும்.

சலித்த சக்கை 50 கிராம், தேங்காய் எண்ணெய் 30 கிராம், நல்லெண்ணெய் 20 கிராம், 400 மில்லிகிராம் வைட்டமின் இ மாத்திரை ஒன்றைக் குத்திப் பிழிந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். டிசம்பரில் தனியாகப் போட்டால் ஸ்பூன் இறங்காது. அதற்காகத்தான் நல்லெண்ணெய். எண்ணெய் சிக்குவாடை அடிப்பதை வைட்டமின் இ தள்ளிப்போடும், அவ்வளவே. பூசணத்தைத் தடுக்காது. ஆகவே பன்னீர், கற்றாழை என்று ஈரமுள்ள எதையும் சேர்க்காதீர்கள், ஈரக் கையையும் விடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

வாரம் ஒரு முறை, இரண்டு டீஸ்பூன், நனைந்த தோலில் ஒரு நிமிடம் மெதுவாகத் தேய்த்தால் போதும். ஷேவ் செய்த அன்று கூடாது. தொடைக் கொழுப்பு கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; இது இறந்த செல்லை உரசி எடுக்கும், எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும்.

விற்கும் எண்ணம் இருந்தால் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். வீட்டோடு நிற்பவர்கள் குளியலறைச் சாக்கடை வாயில் ஒரு பழைய டீ வடிகட்டியைக் கவிழ்த்து வையுங்கள்: சக்கையும் எண்ணெயும் சேர்ந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். தரை வழுக்கும், சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே அடுத்தவரைக் குளிக்க விடுங்கள்.